துயிலும் இல்லத்துக்குப் போக முன் கேட்கும் கேள்விகள்

கார்த்திகை நெருங்கினால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். சிரமதானத்துக்கு வரும் பெடியள் கேட்பார்கள். பிரான்சிலிருந்தும் கனடாவிலிருந்தும் லீவில் வந்து நிற்பவர்கள் கேட்பார்கள். சண்டை முடிந்த பிறகு பிள்ளையின் இடத்துக்கு ஒருமுறையும் போகாத தாய் தயங்கித் தயங்கிக் கேட்பார். வன்னியில் துயிலும் இல்லம் துப்புரவாக்கும் ஆட்களோடு கூட நிற்கிறவன் என்பதால் என் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் வரலாறு தேடி வருகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தன் ஆளைத் தேடி வருகிறவர்களுக்காக எழுதியது.

துயிலும் இல்லம் எண்டா என்ன? சுடலை மாதிரித்தானே?

விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து சண்டையில் இறந்தவர்களைப் புதைத்த இடம். ஊர்ச் சுடலையோடு சேராது. தனிக்காணி, சுற்றிவர வேலி அல்லது மதில், நடுவில் பொதுச்சுடர் ஏற்றும் மேடை, அதைச் சுற்றி வரிசை வரிசையாக ஒரே அளவில் கல்லறைகள். பெரிய தளபதிக்கும் நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் கல்லில் வித்தியாசம் இருக்காது. சாதி, சமயம், ஊர் பார்த்து வரிசை பிரிக்கவும் இல்லை. எங்கள் ஊர்ச் சுடலைகள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வன்னியில எங்கெங்க இருக்கு?

கிளிநொச்சிப் பக்கம் கனகபுரமும் முழங்காவிலும். கனகபுரம் டவுனுக்குக் கிட்ட, ஓட்டோவில் போய்விடலாம். முழங்காவில் பூநகரி - மன்னார் வீதியில் இருக்கிறது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடு, அதைத் தேராவில் என்றும் சொல்வார்கள். முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளை, அளம்பில். மாங்குளத்திலிருந்து மல்லாவிப் பக்கம் போகும்போது வன்னிவிளாங்குளம். வவுனியாவில் ஈச்சங்குளம். மன்னாரில் ஆட்காட்டிவெளி, மடுப் பக்கம் பண்டிவிரிச்சான். மணலாற்றுக் காட்டுக்குள்ளும் ஒன்று இருந்தது.

இவற்றைத் தவிர 2009இல் இடம்பெயர்ந்து போன வழியெல்லாம் அவசரத்தில் புதைத்த இடங்கள் இருக்கின்றன. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஏன் நவம்பர் 27? ஏன் சரியா 6.05?

இயக்கத்தில் முதலில் இறந்தவர் லெப். சங்கர், வல்வெட்டித்துறை கம்பர்மலையைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் காயப்பட்டு, கடல் கடந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டு போகப்பட்டு, 1982 நவம்பர் 27 மாலை 6.05க்கு அங்கே இறந்தார். 1989இல் இந்திய இராணுவம் இங்கே நின்ற காலத்தில் மணலாற்றுக் காட்டுக்குள் முதல் தடவையாக அந்த நாளை மாவீரர் நாளாக, அதாவது இறந்த போராளிகளை நினைவுகூரும் நாளாக, நடத்தினார்கள். அதிலிருந்து 27தான். 21ஆம் திகதி தொடக்கம் மாவீரர் வாரம் என்பார்கள். அந்த வாரத்தில் ஊர் ஊராகப் பெற்றோரைக் கூப்பிட்டு மதிப்பளித்துத் தென்னங்கன்று கொடுக்கும் வழக்கமும் உண்டு.

ஒரு விளக்கம்: எங்கள் ஆட்கள் ‘கார்த்திகை 27’ என்றால் அது நவம்பர் 27. தமிழ்க் கலண்டரில் கார்த்திகை 27ஐத் தேடிப்பார்த்துவிட்டு டிசம்பரில் வந்து நின்றவர்களும் உண்டு.

நாங்க சைவம். எரிக்கிறதுதானே வழமை, ஏன் புதைச்சவை?

தொடக்கத்தில் எரித்ததும் உண்டு. உடல் வீட்டுக்கு வரும், அந்தந்த வீட்டு முறைப்படி நடக்கும். 1991இலிருந்து எல்லாரையும் புதைப்பது என்று இயக்கம் முடிவெடுத்தது. யாழ்ப்பாணம் கோப்பாயில் அது தொடங்கி, பிறகு மற்ற இடங்களிலும் வந்தது. வித்துடல் என்றும் விதைத்தல் என்றும் சொல்வது அந்த முறையோடு வந்த பேச்சு.

அந்தக் காலத்தில் சில அப்புமார் மனம் வராமல்தான் ஒத்துக்கொண்டார்கள். கொள்ளி வைக்கவில்லை என்ற குறை சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஆனால் எரித்த இடத்தில் பிறகு ஒன்றும் மிஞ்சாது. புதைத்த இடம் என்றால் தாய் போய் இருக்கலாம், கல்லைக் கழுவலாம், பூ வைக்கலாம். அதைப் பழகிய பிறகு குறை சொன்னவர்களே கிழமைக்கு ஒருதரம் போனார்கள். வன்னியில் 2009க்கு முன் வாழ்ந்தவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள்.

கல்லறைக்கும் நினைவுக்கல்லுக்கும் என்ன வித்தியாசம்?

உடல் உள்ளே இருந்தால் கல்லறை. படுத்த வாக்கில், ஆள் நீளத்துக்குக் கட்டியிருப்பார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு நிமிர்த்தி நட்ட கல்தான் நினைவுக்கல், நடுகல் என்றும் சொல்வார்கள். கடலில் போனவர்கள், கரும்புலிகள் (தற்கொலைத் தாக்குதலுக்குப் போனவர்கள்), எதிரியின் பக்கத்தில் உடல் விடுபட்டவர்கள் பெரும்பாலும் இதில்தான் வருவார்கள்.

இரண்டிலும் எழுத்து ஒரே மாதிரி: பதவி நிலை, இயக்கப் பெயர், அதற்குக் கீழே சொந்தப் பெயர், ஊர், வீரச்சாவு அடைந்த திகதி. வீரவேங்கை, 2ஆம் லெப்., லெப்., கப்டன், மேஜர், லெப். கேணல், கேணல் என்று பதவி நிலை போகும். இந்த விவரம் பிறகு ஆளைத் தேடும்போது உதவும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்ப போனா கல்லறை இருக்குமோ?

முழுக் கல்லறை இருக்கும் என்று நம்பி வராதீர்கள். 2009 சண்டையின்போதும் அதற்குப் பிறகும் வன்னித் துயிலும் இல்லங்கள் எல்லாம் டோசர் போட்டு இடிக்கப்பட்டன. சிலவற்றில் படைமுகாம் வந்தது, சிலவற்றில் பற்றை மண்டியது. 2016 நவம்பரில் கனகபுரத்திலும் வேறு சில இடங்களிலும் மக்கள் தாங்களாக இறங்கிப் பற்றை வெட்டி, 27ஆம் திகதி விளக்கு ஏற்றினார்கள். சண்டை முடிந்து ஏழு வருடத்துக்குப் பிறகு வெளிப்படையாக நடந்தது அதுதான்.

துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் தட்டுப்படுவது கல்லறைத் துண்டுகள்தான். ஒரு துண்டில் ‘லெப்’ மட்டும் இருக்கும். இன்னொன்றில் திகதியின் முன்பாதி. பெயர் முழுதாக இருக்கும் துண்டு கிடைத்தால் வேலை கொஞ்ச நேரம் நின்றுவிடும், யாருடையது என்று எல்லாரும் வந்து வாசிப்பார்கள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருப்பார்கள். தயவுசெய்து அதில் ஏறி நிற்காதீர்கள், நினைவுக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். உங்களுக்கு அது ஒரு கல், அதில் பாதிப் பெயர் இருக்கிறவனின் தாய் இன்னும் வரவில்லையாக்கும்.

என்ர சித்தப்பாவின்ர இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. முதலில் எந்தத் துயிலும் இல்லம் என்று உறுதிப்படுத்துங்கள். வீடு எங்கே இருந்ததோ அங்கே கிட்ட என்று நினைப்பது பிழைக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை முள்ளியவளையில் இருக்கலாம். 1995 இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்த பிறகு குடும்பங்கள் வன்னிக்கு வந்துவிட்டன, உடலும் குடும்பம் இருந்த இடத்துக்கே வந்தது. ஆகவே அவர் இறந்த நேரத்தில் வீட்டுக்காரர் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். அந்தச் செத்தவீட்டுக்குப் போன ஒருவராவது உயிரோடு இருப்பார்.

அடுத்தது பழைய படம். சமாதான காலத்தில், 2002க்குப் பிறகு, கல்லறையோடு குடும்பமாக நின்று எடுத்த படம் அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தது. வன்னியில் இருந்தவர்களுடையது இடப்பெயர்வில் போயிருக்கும், ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதி இருக்கும். மாமி வீட்டு அல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். படத்தில் பக்கத்துக் கல்லறையின் பெயரையும் வாசியுங்கள், பின்னால் தெரியும் மரத்தையும் பாருங்கள். மேடைக்கு எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை என்று தாய்மாருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். பழைய மேடையின் அத்திவாரம் தெரிகிற இடங்களில் அங்கிருந்து எண்ணிக்கொண்டு போய், ‘இதுதான்’ என்று நின்றுவிடுவார்கள்.

அதற்கு மேல் அளந்து பார்க்க வழியில்லை. அம்மா நின்ற இடம்தான் இடம். ஒரு முழம் அங்காலே இங்காலே என்று யாரும் அவரோடு வாதாடப் போகக் கூடாது.

27ஆம் திகதி வாறதெண்டா என்ன கொண்டு வரவேணும்? எத்தினை மணிக்கு?

மூன்று, மூன்றரைக்கே வந்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ரோட்டில் வாகனம் நெருக்கும். சிட்டியும் (சின்ன மண் விளக்கு) திரியும் தேங்காய் எண்ணெயும் போதும், பல இடங்களில் ஏற்பாட்டுக் குழுவே வைத்திருக்கும். காற்றும் தூறலும் இருக்கும் காலம் என்பதால் மெழுகுதிரி நிற்காது, சிட்டியை மறைக்கச் சிரட்டை ஒன்று கொண்டு வருவது புத்தி. பூ வீட்டு முற்றத்தில் பூத்தது எதுவும் சரி. குடை, பழைய செருப்பு, வயது போனவர்கள் இருக்க ஒரு பாய் அல்லது தறப்பாள் துண்டு. மாரிச் சேறு கால் வைத்தால் கணுக்கால் வரை போகும். உள்ளே செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

நேரம் வந்ததும் மணி ஒலிக்கும், அகவணக்கம் (மௌனமாக நின்று வணங்குவது), பிறகு பொதுச்சுடர். பொதுச்சுடரைப் பெரும்பாலும் ஒரு மாவீரரின் தாய் அல்லது தகப்பன் ஏற்றுவார். அது ஏறிய பிறகுதான் எல்லாரும் தங்கள் விளக்கை ஏற்றுவது. ஒவ்வொரு வருடமும் முன்வரிசைக்கு முண்டியடிக்கும் அரசியல்வாதிகளைப் பற்றி என்ன சொல்வது, அவர்களைப் பார்க்காமல் உங்கள் இடத்தில் நில்லுங்கள்.

கார்த்திகைப்பூ பற்றியும் கேட்பார்கள். அந்த மழையோடு வேலியோரம், பற்றைக்குள் தானாகக் கொடிவிட்டுப் பூக்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, நாள் போகப் போக முழுவதும் சிவக்கும். பறிக்கலாம், ஆனால் கிழங்கு நஞ்சு. சின்னப் பிள்ளைகளைத் தோண்ட விடாதீர்கள்.

வேற நாளில போகலாமோ? அவர் செத்தது வைகாசியில.

தாராளமாக. உண்மையைச் சொன்னால் கூட்டமில்லாத நாளில் போவதுதான் பலருக்குப் பொருந்தும். பிறந்தநாளுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2, ஆன்மாக்கள் திருநாளிலேயே மெழுகுதிரியோடு போய்விடுவார்கள். சாதாரண நாளில் பற்றை வளர்ந்திருக்கும், பாம்பு பூச்சி பார்த்துக் கால் வையுங்கள். இடத்தைத் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கட அண்ணா இருக்கிற இடத்தில இப்ப ஆமிக் காம்ப். எங்க விளக்கு ஏத்திறது?

வேலிக்கு வெளியே. வேறு பதில் இல்லை. கோப்பாயில் 2011இல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைத் துயிலும் இல்லத்துக்கு மேலேயே கட்டித் திறந்தார்கள். அங்கே மக்கள் எதிரே உள்ள தனியார் காணியில் ஏற்றுகிறார்கள். வன்னியிலும் அளம்பில், ஈச்சங்குளம் போன்ற இடங்களில் முகாமுக்கு வெளியே, காணித்துண்டிலோ வீதியோரத்திலோ மேடை போட்டுத்தான் நடந்து வந்திருக்கிறது. விசுவமடுவிலும் இந்தப் பிரச்சினை நீண்ட நாள் இழுபட்டது. போகிற வருடத்தில் எங்கே மேடை என்று முதலே ஊரில் விசாரியுங்கள்.

இறந்தவர்களின் புதைகுழிகளை மதித்துப் பேண வேண்டும் என்பது உள்நாட்டுச் சண்டைக்கும் பொருந்தும் சர்வதேச வழக்காறு. செஞ்சிலுவைச் சங்கம் 2005இல் தொகுத்த விதிகளில் 115ஆவது அதுதான். எந்தப் பக்கத்து இறந்தவர் என்று அது பார்க்காது. காணி விடுவிக்கச் சொல்லி மனுக் கொடுப்பவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம். கிடைக்குமா என்று கேட்டால், அது எந்த அரசாங்கம், எந்த வருடம் என்பதைப் பொறுத்தது.

சட்டப்படி பிரச்சினை வருமோ? அம்மா பயப்பிடுறா.

அம்மாவின் பயம் காரணமில்லாத பயம் இல்லை. 2009க்குப் பிறகு சில வருடங்கள் அந்த மாலையில் கோயில் மணி, தேவாலய மணி அடிப்பதற்கே தடை போட்டார்கள், வீட்டு முற்றத்தில் விளக்கு எரிந்தால் வந்து கேட்டார்கள். கார்த்திகை விளக்கீடும் அதே நாட்களை ஒட்டி வருவதால் அது வேறு குழப்பம். 2015க்குப் பிறகு இளகியது. 2020இல் பயங்கரவாதத் தடைச்சட்டத்தையும் கொரோனாவையும் காட்டிப் பொலிஸ் வடக்குக் கிழக்கின் பல நீதிமன்றங்களில் தடையுத்தரவு எடுத்தது. அடுத்த வருடமும் அப்படியே. 2024இல் அரசாங்கம், இறந்த உறவுகளை நினைவுகூரத் தடையில்லை, ஆனால் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம், சீருடை, படம் வைத்து நடத்தக் கூடாது என்று சொன்னது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: இயக்கம் இன்றும் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. உங்கள் பிள்ளைக்கு விளக்கு ஏற்றுவது வேறு, கொடி பிடிப்பது வேறு என்று அதிகாரிகள் பார்க்கிறார்கள். தடையுத்தரவு வந்தால் அதில் யார் பெயர், எந்த இடம் என்று எழுதியிருக்கும். வதந்தியைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிடாமல், ஏற்பாட்டுக் குழுவில் அல்லது ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் இன்னும் ஒருபடி கவனமாக இருக்கலாம்.

போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போடலாமோ?

மேலே சொன்னது முழுக்க இதற்கும் பொருந்தும். 2024 நவம்பரில் கைதானவர்கள் முகநூலில் படமும் வீடியோவும் பகிர்ந்ததற்காகத்தான் பிடிபட்டார்கள். சிலர் பகிர்ந்தது பழைய வருடத்துப் படங்கள் என்று பொலிஸே சொன்னது.

சட்டத்தை விடுங்கள். உங்கள் விளக்கை, உங்கள் ஆளின் இடத்தை எடுங்கள். பக்கத்தில் கல்லைக் கட்டிப்பிடித்து அழுகிற அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்காதீர்கள். யூடியூப் பெடியளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் உளைகிறது. அந்த அம்மாவின் மற்றப் பிள்ளை கச்சேரியில் (அரச செயலகத்தில்) வேலை செய்யலாம், முன்னாள் போராளியாகப் பிடிபட்டு அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம் முடித்து வந்தவனாக இருக்கலாம். நீங்கள் வியூஸ் எண்ணும்போது அந்த வீட்டுக்கு யார் போய் நிற்பார்கள் என்று யோசியுங்கள்.

என்ர மகன் 2009 மாசி மாசம் போனவன். எங்க தாட்டவை எண்டே தெரியாது. நான் எந்தத் துயிலும் இல்லத்துக்குப் போறது?

கிளிநொச்சி 2009 ஜனவரி 2இலும் முல்லைத்தீவு டவுன் ஜனவரி 25இலும் இராணுவத்திடம் போன பிறகு பழைய துயிலும் இல்லங்களுக்குப் போக வழியில்லாமல் போனது. தேவிபுரம், இரணைப்பாலை, பிறகு முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்த பக்கமே புதைத்தார்கள். கல் நடும் காலம் இல்லை. கடைசியில் பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடியதும் உண்டு. ஆகவே உங்கள் மகனோடு நின்றவர்கள் யாராவது ‘இந்தப் பக்கம்’ என்று சொன்னால் அதுவே பெரிய தகவல், எழுதி வையுங்கள்.

எங்கே போவது என்றால், பலர் தங்களுக்குக் கிட்ட இருக்கிற துயிலும் இல்லத்துக்கு வந்து, காலியாக இருக்கும் ஒரு இடத்தில் படத்தை வைத்து ஏற்றுகிறார்கள். யாரும் ‘இது உங்கள் இடமா’ என்று கேட்பதில்லை. வீட்டு முற்றத்தில் தென்னம்பிள்ளைக்கு அடியில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் மாதம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. நீதிமன்ற உத்தரவில் அகழ்ந்து 2024 ஜூலைக்குள் 52 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். பெண் போராளிகளின் உடுப்பும் இலக்கத் தகடும் அதில் கிடைத்தன. அவர்களுக்கும் எங்கேயோ தாய் இருக்கிறார். பிள்ளையின் தகட்டு இலக்கம், பல் அடையாளம், பழைய முறிவு, காயம் நினைவிருந்தால் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுகினம். எடுத்தா தேடுறதை விட்டமாதிரி ஆகுமோ?

இறந்ததைக் கண்டவர் இருந்தால் மரணப் பதிவு ஒரு வழி. காணாமல் போனவர் என்றால் அதை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி காணாமைச் சான்றிதழ் எடுக்கலாம். ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது, காணி, வங்கி, பிள்ளைகளின் பாதுகாவல் போன்ற அலுவல்களைப் பார்க்க உதவும். அதே வருடச் சட்டத்தில் வந்ததுதான் காணாமல் போனோர் அலுவலகம். அதில் நம்பிக்கை இல்லை என்று வீதியில் பந்தல் போட்டு இருக்கும் தாய்மாரைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் காண்கிறோம். எதை எடுப்பது என்பதை வீட்டில் கூடிப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் என்பதற்காக எடுக்காதீர்கள்.

மே 18 வேற, நவம்பர் 27 வேறயோ?

வேறு. மே 18, 2009இல் சண்டை முடிந்த முள்ளிவாய்க்காலில் செத்த எல்லாருக்கும் உரியது, அதில் பெரும்பகுதி சாதாரண சனம். அன்றைக்குக் கஞ்சி கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான், அந்த நாட்களில் சனம் வரிசையில் நின்று குடித்தது அதுதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் அதையொட்டி வருவதால் வெளியூர் ஆட்கள் இரண்டுக்குமாக வந்து நிற்பார்கள். பிள்ளையைப் போராளியாகவும் பேரனைச் செல்லடியிலும் இழந்த வீட்டுக்காரருக்கு இரண்டு நாளும் சொந்தம்.

திதி தெரியாது. திவசம் எப்பிடிச் செய்யிறது?

வீரச்சாவுத் திகதி தெரிந்தால் பஞ்சாங்கத்தில் திதி பார்த்துவிடலாம், பழைய வருடப் பஞ்சாங்கம் ஐயரிடம் இருக்கும். திகதியே தெரியாதவர்கள் ஆடி அமாவாசையில் கீரிமலையிலோ திருக்கேதீச்சரம் பாலாவியிலோ முல்லைத்தீவுக் கடலிலோ தர்ப்பணம் செய்கிறார்கள். புதைத்ததால் செய்யக் கூடாது என்று ஒன்றும் இல்லை. ‘காணாமல் போனவன், செத்தான் என்று எப்படிச் செய்வது’ என்று செய்யாமல் இருக்கும் தாயை வற்புறுத்தாதீர்கள். அவருக்கு அது வேறு கணக்கு.

என்ர அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அவரா விரும்பிப் போகேல்லை. அவரும் மாவீரரோ? நான் அங்க போறது சரியோ?

இந்தக் கேள்வியைச் சத்தமாக யாரும் கேட்பதில்லை. தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று ஆள் எடுத்ததும், ஒளித்து வைத்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனதும், வயது குறைந்தவர்கள் அதில் இருந்ததும் வன்னியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதைச் சொன்னால் துரோகி என்பார்கள் என்று பயந்து ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டு அழுகிறது.

என் கருத்தைக் கேட்டால், போங்கள். அங்கே விளக்கு ஏற்றுவது இயக்கம் செய்ததற்கெல்லாம் ஓம் என்பதாகாது. அண்ணா எப்படிப் போனார் என்பதை மறைக்கவும் வேண்டாம், அவருடைய பிள்ளைகளுக்கு உள்ளபடியே சொல்லுங்கள். போக மனம் இல்லை, அந்தப் பாட்டும் கொடியும் கேட்டால் வயிறு எரிகிறது என்றால், மேலே சொன்ன மாதிரி வேறு நாளில் தனியாகப் போகலாம். போகாமலும் விடலாம். ஒரு வீட்டில் அம்மா போவார், அப்பா வாசலில் இருந்துவிடுவார். இரண்டு பேரும் அழுவது ஒரே பிள்ளைக்கு.

செத்த ஆமிக்காரரின்ர தாய்மாரும் இஞ்ச வாறவையே?

வருகிறார்கள், ஆனையிறவு வரை. 1991 சண்டையில் புலிகளின் டோசரை மறித்து இறந்த சிப்பாய் ஹசலக காமினியின் நினைவுத்தூபி அங்கே இருக்கிறது, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்ப்பார்கள். புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் வெற்றித்தூபிகள் இருக்கின்றன. சண்டையில் காணாமல் போய் உடல் கிடைக்காத சிப்பாய்களும் ஏராளம். அந்தத் தாய்மாருக்கும் போய் இருக்க ஒரு இடமில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

வித்தியாசம் என்னவென்றால், அவர்களுடைய பிள்ளைக்கு அரசாங்கம் தூபி கட்டி மே மாதம் விழா எடுக்கிறது. அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிச் செத்த ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) ஆட்களை ஒவ்வொரு நவம்பர் 13இலும் தெற்கில் பகிரங்கமாக நினைவுகூர்கிறார்கள், யாரும் தடையுத்தரவு எடுப்பதில்லை. அதே நவம்பரில் இரண்டு கிழமை கழித்து எங்கள் தாய் கேட்பதும் அதுதான்.

கல்லறைகளைத் திருப்பிக் கட்டலாம்தானே? காசு நாங்க தாறம்.

காசு பிரச்சினை இல்லை. முதலாவது காணி யாருடைய கையில் என்பது. இரண்டாவது, ஆளுக்கொரு கல் என்று கட்டினால் எந்தக் கல் எங்கே? இடம் உறுதியாகத் தெரியாமல் ஒருவருடைய பெயரை இன்னொருவருக்கு மேல் நடக் கூடாது. பொதுவாக ஒரு நினைவுத்தூணும் பெயர்ச் சுவரும் போதும் என்பவர்கள் ஒரு பக்கம், ஒவ்வொரு தாய்க்கும் தொட ஒரு கல் வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம்தான், ஆனால் அவசரப்படுகிறவர்களோடு இல்லை. பெயர் கொத்தும் செலவைத் தாறோம், எங்கள் சங்கத்தின் பெயரையும் அடியில் போடுங்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

நான் சுவிசில பிறந்தனான். மாமாவைக் கண்டதே இல்லை. நான் என்ன செய்யலாம்?

இந்த முறை வரும்போது அம்மம்மாவோடு இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதுங்கள். தூபியைவிட அது அவசரம், தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சொந்தப் பெயர், வீட்டுப் பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், எந்த வருடம் போனார், எந்த இடத்துச் சண்டை, வீரச்சாவுத் திகதி, எந்தத் துயிலும் இல்லம், எத்தனையாவது வரிசை, செத்தவீட்டில் யார் யார் நின்றார்கள். அதோடு என்ன கறி பிடிக்கும், யாரோடு சண்டை பிடிப்பார் என்பதும். போனில் குரலைப் பதிந்தாலும் தாளில் ஒரு பிரதி வையுங்கள், போன் உடையும். இயக்கப் பெயரை மறக்காமல் முதல் வரியிலேயே எழுதுங்கள். கூட நின்ற ஆட்களுக்கு உங்கள் மாமாவின் சொந்தப் பெயர் தெரியவே தெரியாது.